சிக்னல் இல்லாத வானத்திலும் வழி காட்டும் போன்

சிம் சிக்னல் போய்விட்டால் போன் வழி காட்டாது என்று புதிதாக ஸ்மார்ட்போன் வாங்கிய பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கிளைடர் எனப்படும் எஞ்சின் இல்லாத விமானத்தை ஓட்டுபவர்களுக்கும் இதே போன் துணை செய்கிறது. நம் நாட்டில் கிளைடர் பயிற்சிக்குப் பெயர் பெற்ற இடம் புனேயின் ஹடப்சர்.

எப்படி வேலை செய்கிறது?

சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சிக்னல் அனுப்புகின்றன. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், போன் தன் இடத்தையும் உயரத்தையும் கணக்கிட்டுவிடும். ரேடியோ பெட்டியைப் போல இது கேட்க மட்டுமே செய்கிறது. எனவே இண்டர்நெட் தேவையில்லை. ஆனால் வரைபடம் முன்பே போனில் இருக்க வேண்டும்.

கிளைடருக்கான புரோகிராம்

எக்ஸ்சிசோர் என்பது ஆண்ட்ராய்டு போனில் இயங்கும் இலவச, ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்.

1. வீட்டிலேயே வரைபடத்தையும் இறங்குமிடங்களின் பட்டியலையும் டவுன்லோட் செய்யுங்கள்.
2. கிளைடரின் வகையைத் தேர்ந்தெடுங்கள்.
3. புரோகிராம் தொடங்கும்போது 'சிமுலேட்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்துத் தரையிலேயே பழகலாம்.

எந்த இறங்குமிடத்தை எட்ட முடியும் என்பதை இது கணக்கிட்டுச் சொல்லும். ஓர் உதாரணம்: 1 மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னேறும் கிளைடர், 1,000 மீட்டர் உயரத்தில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. பாதுகாப்புக்கு 300 மீட்டரை ஒதுக்கினால், மீதி 700 மீட்டரில் 28 கி.மீ. போகலாம். மணிக்கு 25 கி.மீ. எதிர்காற்று வீசினால் 21 கி.மீ.தான். கிளைடர் வகையோ காற்றின் வேகமோ தவறாக இருந்தால் விடையும் தவறும். விமானம் வயலில் இறங்க நேரிடும்.

நீங்களே சோதியுங்கள்

கூகுள் மேப்ஸில் 'ஆஃப்லைன் மேப்ஸ்' மூலம் உங்கள் பகுதியை டவுன்லோட் செய்யுங்கள். நெற்குப்பையிலிருந்து திருப்பத்தூருக்குப் பஸ்ஸில் போகும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்து ஏரோபிளேன் மோடை ஆன் செய்யுங்கள். லொகேஷன் ஆனிலேயே இருக்கட்டும். நீலப் புள்ளி உங்களோடு நகர்வதைக் காண்பீர்கள். முதல்முறை இடத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் ஆகலாம்.

கவனிக்க: வெயிலில் சூடேறினால் போன் அணைந்துவிடலாம், பேட்டரியும் விரைவில் தீரும். எனவே விமானத்தின் கருவிகளும் விமானியின் கண்களுமே முதல் வழிகாட்டி. போன் அவற்றுக்குத் துணைதான்.