வேலை போகுமோ என்ற பயமா?

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பெல் தொலைபேசி நிறுவன மேலாளர்களை 1970களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தது சால்வடோர் மேடி, சூசன் கோபாசா என்ற உளவியலாளர்களின் குழு. 1981-ல் அங்கே பெரிய ஆட்குறைப்பு. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் உடலாலும் மனதாலும் தளர்ந்துபோனார்கள், மற்றவர்கள் தாக்குப்பிடித்தார்கள். தாக்குப்பிடித்தவர்களிடம் மூன்று குணங்கள் தெரிந்தன: ஒதுங்காத ஈடுபாடு, நம்மால் ஏதாவது செய்யமுடியும் என்ற எண்ணம், மாற்றத்தைச் சவாலாக ஏற்பது. பிறவிக் குணங்கள் அல்ல, பழகிக்கொள்ளலாம் என்பதுதான் நல்ல செய்தி.

பயத்தில் தூக்கம் கெட்டால் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். ‘ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர் இருக்குமா?’ என்பது இடப்பக்கம். அது உங்கள் கையில் இல்லை. பி.எஃப். இருப்பைப் பார்ப்பது, பயோடேட்டாவைப் புதுப்பிப்பது, கடன் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று வங்கியில் விசாரிப்பது எல்லாம் வலப்பக்கம். அதில் மிகச் சின்னதை நாளைக் காலையிலேயே முடியுங்கள். பெரியதில் கைவைத்தால் பாதியில் நின்றுவிடும்.

வேலை நிலைமையை வீட்டில் மறைக்காதீர்கள். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். குழந்தைகளுக்கும் முகவாட்டம் புரியும், அளவாகச் சொல்லிவிடுங்கள். நண்பர்களுடன் டீ குடிக்கப் போவதையும் நிறுத்தாதீர்கள்.

இரண்டு வாரமாகியும் தூக்கமோ பசியோ திரும்பவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். இந்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.