ஓவியர் இரவிவர்மா

திருவட்டாற்றில் ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்தோர், தெற்கே முடியும் வடக்கே அடியுமாகப் பள்ளிகொண்ட அத்திருவுருவை மூன்று வாயில்களின் வழியே பகுதி பகுதியாகக் கண்டிருப்பர். காண விழைவோர் ஆங்கே செல்லுதல் வேண்டும். செல்லுதற்கும் 1936-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேச விளம்பரம் வரையில் திருவிதாங்கூரிற் பல சாதியார்க்கு உரிமை இருந்ததில்லை. அதற்கு நாற்பதாண்டுகட்கு முன்னரே தெய்வ வடிவங்களை எளியோர் வீட்டுச் சுவரிலும் ஏற்றியவர், இதே திருவிதாங்கூரிற் பிறந்த இரவிவர்மா ஆவர்.

இவர் 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் கிளிமானூரிற் பிறந்தனர். மாமன் இராஜராஜ வர்மாவே முதலாசிரியர். பதினான்காம் வயதில் ஆயிலியம் திருநாள் மகாராஜாவின் அரண்மனையை அடைந்தார். தைல வருணம் தீட்டும் முறை அக்காலத்து நம்மவர்க்குப் புதிது. அதனை அறிந்திருந்த அரண்மனை ஓவியர், மதுரை இராமசாமி நாயுடு, இவருக்குக் கற்பிக்க மறுத்துவிட்டார். அவர்தம் மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை என்பார் இரவில் மறைவாக வந்து சில நுட்பங்களைக் காட்டிச் சென்றனர் என்பர். 1868-இல் வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும் கற்பித்தாரல்லர். தாம் வரையுங்கால் அருகிருந்து நோக்க மட்டும் இசைந்தார். நோக்கியே கற்றனர் நம் இளைஞர். நாயுடுவை நாம் முற்றும் பழித்தல் நேர்மையன்று; கைத்தொழிலே சோறாயிருந்தோர் அதனைக் காத்துக்கொள்ள முயல்வது இயல்பே. எனினும் அம்மறைப்பு வென்றிருப்பின் நாம் இழந்திருப்பது மிகப் பெரிது.

1873-இல் வியன்னாக் காட்சியிலும், 1893-இல் பத்து ஓவியங்கள் சென்ற சிகாகோக் காட்சியிலும் இவர் பரிசு பெற்றனர். ஆயினும் நாம் பெரிதாகக் கருதுவது 1894-இல் பம்பாயில் இவர் நிறுவிய அச்சுக்கூடத்தையே. வண்ணத்திற்கு ஒரு கல்லாகப் பலமுறை ஒற்றி, இலக்குமியும் சரசுவதியும் ஆயிரக்கணக்கில் வெளிவந்தனர். காசு கொடுத்தார்க்கெல்லாம் படம் கிடைத்தது. சாதி கேட்பார் இல்லை.

மேனாட்டு முறையைப் பின்பற்றினார் என்றும், தேவியரை மானிட மகளிராக்கினார் என்றும் வங்க ஓவியர் இவரைக் குறைகூறினர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. இவர்தம் சில படங்கள் நாடக மேடையையே நினைப்பூட்டுகின்றன. ஆனால் அக்குறையால் வாங்குவோர் தொகை குன்றவில்லை.

அச்சுக்கூடம் நட்டமுற்று ஒரு ஜெர்மானியரிடம் விற்கப்பட்டது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கிளிமானூரிலேயே இவர் மறைந்தனர். படங்களோ அதன்பின்னும் அச்சாகிக்கொண்டே இருந்தன.