ஈயக் குண்டு வார்க்கிறீர்களா?

தூண்டிலுக்கான ஈயக் குண்டை வீட்டில் வார்ப்பவர்கள் முதலில் அச்சைப் பாருங்கள். இரண்டு பாதிகளையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. தெரிந்தால் ஈயம் கசிந்து ஓரத்தில் பிசிறு கட்டும். அது நைலான் நரம்பை அறுத்துவிடும். மணல் தரையில் ஊன்றி நிற்கப் பிரமிடு வடிவம், நீரோட்டத்தோடு உருளட்டும் என்றால் முட்டை வடிவம்.

ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். அச்சு சூடேறாவிட்டால் குண்டு சுருக்கம் விழுந்து வரும். அவற்றைத் திரும்ப உருக்கலாம். ஆனால் அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் அது சட்டென்று ஆவியாகி, உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். மழை நாளில் இந்த வேலையே வேண்டாம்.

பழைய பேட்டரி ஈயத்தைத் தொடவே தொடாதீர்கள். அதில் அமிலமும் ஆன்டிமனியும் இருக்கும்; சில சமயம் ஆர்சனிக்கும் உண்டு. உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது, குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். எனவே திறந்த வெளியில், இதற்கென்றே ஒதுக்கிய இரும்புச் சட்டியில் மட்டும் உருக்குங்கள். சின்னக் குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்குவதையும் விட்டுவிடுங்கள். அதற்குக் குறடு இருக்கிறது.