கை வெடிப்புக்குத் தைலம் வேண்டாம்



குழுக் கூட்டத்தில் தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கும்போது நாங்கள் ஒன்றைக் கவனித்தோம். பல அக்காமார்கள் பேனாவைப் பிடிக்கவே முகம் சுளித்தார்கள். விரல் நுனியெல்லாம் கோடு கோடாக வெடிப்பு. "ரேஷன் கடை மிஷின்ல மூணு தடவை வச்சேன், ரேகை விழல. வெறும் பையோட வந்தேன்" என்றார் ஒரு அக்கா. பனிக்காலம்னா அப்படித்தான் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். இது சிரித்துவிட்டு விடுகிற விஷயமா?

நம் தோலில் இயற்கையாகவே கொஞ்சம் எண்ணெய்ப்பசை உண்டு. உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பது அதுதான். சோப்பும் சலவைத் தூளும் அழுக்கோடு சேர்த்து அந்தப் பசையையும் எடுத்துவிடும். பகலெல்லாம் கொழுந்து பறித்த கை, கேத்தி பக்கம் கேரட் பிடுங்கிய கை, வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்திலும் துணியிலும் இறங்குகிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனியும் வறண்ட காற்றும் வேறு. குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று நல்ல சுடுதண்ணீரில் கை வைக்கிறோம். அது பசையை இன்னும் வேகமாக எடுக்கும். வெதுவெதுப்பு போதும்.

தலைவலி, சளி, சுளுக்கு, எதுவானாலும் நமக்கு நீலகிரித் தைலம்தான்! வெடிப்பில் மட்டும் அது வேண்டாம். அது தோலில் நிற்காமல் ஆவியாகிவிடும், வெடித்த இடத்தை எரிச்சல்படுத்திப் புண்ணாக்கும். எலுமிச்சம்பழமும் உப்பும் அதே கதைதான்.

தேங்காய் எண்ணெயோ வாசலினோ போதும். ஆனால் எப்போது தடவுகிறோம் என்பதுதான் முக்கியம். கை கழுவியதும் துண்டால் ஒற்றி, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் தடவ வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு தடவினால் அவ்வளவு பலன் இருக்காது. ஊட்டிக் குளிரில் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து கிடக்குமே என்பீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறையத்தான் செய்யும். வாய் அகன்ற டப்பாவில் ஊற்றி வையுங்கள், விரலால் வழித்து எடுக்கலாம். ராத்திரி கொஞ்சம் தாராளமாகத் தடவி, பழைய பருத்தி சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு படுங்கள். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

வேலைக்கு நடுவே நிற்கிற மருந்து வேண்டுமென்றால் தேன்மெழுகு நல்லது. மெழுகு 20 கிராம், தேங்காய் எண்ணெய் 100 கிராம். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, அதில் இரண்டையும் உருக்கி ஆறவிடுங்கள். நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். பறிக்கப் போகும்போது ஆழமான வெடிப்பின் மேல் பிளாஸ்திரி சுற்றினால் வலி குறையும், வெடிப்பும் சீக்கிரம் கூடும்.

தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாளில் வெடித்த கையோடு இறங்கவே கூடாது. வெடிப்பு வழியாக விஷம் சுலபமாக உள்ளே போகும். ரப்பர் உறை கேட்டு வாங்குங்கள்.

சீழ், வீக்கம் இருந்தாலும், விரல் இடுக்கு வெள்ளையாகி அரித்தாலும், கை மரத்துப் போனாலும் எண்ணெயை நம்பி இருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் சின்ன வெடிப்புக்கே போக வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் மெழுகு காய்ச்சிப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். ஆளுக்கு ஒரு காலி டப்பா கழுவிக் கொண்டு வாருங்கள்.