லிஸ்ட், லொக், லெட்ஜர்: எது எந்தக் கொப்பி?

வன்னியில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கோ மாதர் சங்கத்துக்கோ புதிதாகச் செயலாளராகத் தெரிவாகிறவரைத் திணறடிப்பவை பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்கள். 2009க்குப் பிறகு மீள்குடியேற்றத்தோடு வந்த திட்ட உத்தியோகத்தர்கள் “பெனிபிசியரி லிஸ்ட் தாங்கோ”, “மினிட்ஸ் எங்க?”, “ஸ்டொக் ரெஜிஸ்டர் வைச்சிருக்கிறீங்களா?” என்று கேட்டுக் கேட்டு அந்தச் சொற்களை ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கேட்டதையெல்லாம் ஒரே சீ.ஆர். கொப்பியில் எழுதிவைத்தால், கணக்காய்வு வரும் நாளில் எதையும் தேடி எடுக்க முடியாது.

பெயரைப் பாடமாக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தக் கொப்பி எதைச் சொல்லப்போகிறது? ஆட்களையா, நேரத்தையா, காசையா, பொருளையா, இனி நடக்கவேண்டியதையா? விடை கிடைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இரணைமடுக் குளத்தின் சிறுபோகக் கூட்டத்தை எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும். குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. சிறுபோகத்துக்கு அவ்வளவுக்கும் தண்ணீர் காணாது. எத்தனை ஏக்கர் விதைப்பது என்று அரசாங்க அதிபரும் நீர்ப்பாசன அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் கூடித் தீர்மானிக்கிறார்கள். அந்த ஒரு கூட்டத்தைச் சுற்றியே பல தாள்கள் உருவாகும். என்ன பேசப்போகிறோம் என்பது அஜெண்டா, நம்மவர் வழக்கில் நிகழ்ச்சி நிரல். வந்தவர்கள் கையொப்பம் வைப்பது வரவுப் பதிவு. என்ன தீர்மானித்தோம் என்பது மினிட்ஸ், அதாவது கூட்டறிக்கை. யாருக்கு எவ்வளவு பங்கு என்பது லிஸ்ட், பட்டியல். எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்பது ஸ்கெஜூல், அட்டவணை.

இவற்றில் சண்டை கிளம்புவது கூட்டறிக்கையில்தான். பேசிய எல்லாவற்றையும் எழுதப்போனால் தீர்மானம் காணாமற் போய்விடும். தீர்மானம், அதை முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், செய்து முடிக்கவேண்டியவர், அதற்குரிய திகதி: இவ்வளவும் இருந்தால் போதும். யார் யாரோடு கோபித்துக்கொண்டு எழுந்து போனார் என்பது அதில் வரவேண்டியதில்லை.

தண்ணீர் திறந்துவிட்ட பிறகு இன்னொரு கொப்பிக்கு வேலை வருகிறது. அதுதான் லொக். கப்பலின் வேகத்தை அளக்க மாலுமிகள் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்த மரத்துண்டின் பெயர் அது. அந்த அளவைக் குறித்துவைத்த புத்தகத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பாடசாலைகளில் இது சம்பவத் திரட்டுப் புத்தகம். நடந்த நேரத்திலேயே, நடந்த வரிசையிலேயே எழுதவேண்டும் என்பது இதன் ஒரே சட்டம். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது, இரணைமடுவின் வான் கதவுகள் எப்போது திறக்கப்பட்டன என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. அப்படியான கேள்விக்கு ஞாபகத்திலிருந்து பதில் சொல்ல முடியாது. மணியும் நீர்மட்டமும் அந்தந்த நேரத்திலேயே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மறுநாள் வீட்டிலிருந்து நினைத்து எழுதுவது லொக் ஆகாது.

அடுத்து லிஸ்ட்டையும் ரெஜிஸ்டரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். லிஸ்ட் ஒரு தேவைக்கு எழுதப்படுவது. தேவை முடிந்தால் அதன் வேலையும் முடிந்தது. ரெஜிஸ்டர், அதாவது இடாப்பு அல்லது பதிவேடு, தொடர்ந்து போவது. ஒவ்வொரு பதிவுக்கும் இலக்கம், திகதி, கையொப்பம் இருக்கும். தாள் கிழிக்கக் கூடாது. பிழையை ஒரு கோட்டால் வெட்டிச் சுருக்கொப்பம் இடவேண்டும். ஒருவர் பெயர் வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் தொடர்ந்து இருந்தது என்பதற்கு முதலாம் தரப் பாடசாலை அனுமதியில் புள்ளி உண்டு. வீட்டுத்திட்டத்துக்கு எழுதிய பயனாளிகள் பட்டியலுக்கு அந்தப் பலம் கிடையாது.

இந்த வித்தியாசம் தெரியாததால் வன்னியில் பலர் வீணாக அலைந்திருக்கிறார்கள். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர், பிறப்பையே மறுபடி பதியவேண்டும் என்று நினைத்துவிடுகிறார். கையிலிருந்து தொலைந்தது பதிவேட்டின் பிரதி மட்டும். மூலப் பதிவு இருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பித்தாலே போதும். பதிவு இலக்கம் தெரியாதவர் பிறந்த திகதியையும் இடத்தையும் கொடுத்துத் தேடச் சொல்லலாம். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முன் அங்கே பிறந்தவர்களின் தேடல் யாழ்ப்பாணம் வரை போக நேரலாம். தேடியும் பதிவே இல்லையென்றால்தான் உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வேறு வழி. பிறந்து 42 நாட்களுக்குள் பதிந்துவிட்டால் இந்தத் தலையிடி எதுவும் இல்லை.

காசுக்கு இரண்டு கொப்பி வேண்டும். வந்ததையும் போனதையும் நாள்வரிசையில் எழுதுவது காஷ் புக், காசேடு. அதையே ஆள்வாரியாக, கணக்குவாரியாகப் பிரித்து எழுதுவது லெட்ஜர், பேரேடு. சுழற்சிக் கடன் கொடுக்கும் சங்கத்தில் ஓர் அங்கத்தவர் இன்னும் எவ்வளவு கட்டவேண்டும் என்பது பேரேட்டின் ஒரு பக்கத்திலேயே தெரியவேண்டும். பிரதேச செயலகத்தின் காணிக் கிளையிலும் காணிப் பேரேடு என்று ஒன்று உண்டு. அதில் காசுக்குப் பதிலாக, எந்தத் துண்டு யாருக்கு அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டது என்றிருக்கும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேர்மிட் பெற்ற குடியேற்றத் திட்டக் குடும்பங்கள் பத்திரத்தைத் தொலைத்தால் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்.

காணி என்றவுடன் ஒரு பொறியையும் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய உறுதியின் கடைசியில் ‘ஸ்கெஜூல்’ என்று வந்தால் அது நேர அட்டவணை ஆகாது. காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லைகள் எல்லாம் வரும் பகுதி அது. கையொப்பம் வைக்கமுன் ஊன்றி வாசிக்கவேண்டிய இடமும் அதுவே.

பொருட்களுக்கும் இரண்டு. கதிரை, மேசை, தண்ணீர்ப் பம்பி போல நிலைத்திருப்பவை இன்வென்டரியில், பொருட்பதிவேட்டில். விதைநெல், உரம் போல வந்து போகிறவை ஸ்டொக் புக்கில், இருப்புப் பதிவேட்டில். ஆட்களைப் பற்றி இன்னும் ஒன்று: ரொஸ்டர் என்று கேட்டால் முறை வைத்து வேலை செய்பவர்களின் பட்டியல். ஆஸ்பத்திரியில் நாளாந்தம் புழங்கும் சொல்.

கொப்பிகளைத் திறந்ததும் பக்கங்களுக்கு இலக்கம் போட்டு, முதல் பக்கத்தை இண்டெக்ஸுக்கு விட்டுவிட வேண்டும். நிர்வாகம் மாறும் பொதுக்கூட்டத்தில் எந்தெந்தக் கொப்பி, எத்தனையாம் பக்கம் வரை எழுதியது என்று ஒரு தாளில் எழுதி, பழைய செயலாளரும் புதியவரும் கையொப்பமிட்டு, அதன் பிரதியைக் கிராம அலுவலரிடம் கொடுத்துவைப்பது நல்லது.