பிரேக்கும் கியரும்

மரக்காணத்து உப்பளங்களையொட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை சமதரையில் அமைந்தது. உப்பு மூட்டை ஏற்றிய லாரியின் விரைவைக் குறைக்க அங்குப் பிரேக்கே போதும். ஒருமுறை மிதித்தெழுந்த வெப்பம் மறுமுறை மிதிக்குமுன் ஆறிவிடும். அதே லாரி மைசூரில் சரக்கேற்றித் திரும்புகையில், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டையூசி வளைவுகளையும் பிரேக்கை நம்பியே இறங்குமாயின் என்னாகும்? ஓயாத உராய்வினால் பிரேக் டிரம் காய்ந்து விரியும். உள்ளே அழுந்தும் கட்டைகள் பிடிப்பிழக்கும். மிதித்தும் வண்டி நில்லாது.

ஆதலின் பழகிய ஓட்டுநர் இறக்கம் தொடங்குமுன்னரே இரண்டாம் கியருக்கு மாற்றுவார். அப்பொழுது உருளும் சக்கரங்கள் எஞ்சினையும் இழுத்துச் சுழற்ற வேண்டியிருத்தலின் விரைவு அடங்கும். பிரேக்கும் சூடேறாது காக்கப்படும். டீசல் மிச்சமாகுமென்று நியூட்ரலில் இறங்குவோர் பேதையர். கியரில் இறங்குகையில் காலெடுத்தால் இக்கால எஞ்சின் டீசலைப் பருகுவதேயில்லை! கடற்கரைச் சாலையிலோ பிரேக்கே தக்கது, கியரினால் மட்டும் தளரும் வண்டியின் பின்னே சிவப்பு விளக்கு எரியாது, பின்வருவோர் அறியார்.