கடிவாளத்தை அமுக்கும் துணுக்கு

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். மரபணுவில் பழுதே இல்லாமல் அது முடங்குமா? மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிறார்களே, அது என்ன?
– வாசகி ஒருவர்

பதில்: முடங்கும். மரபணுவின் உத்தரவைத் தூது ஆர்.என்.ஏ. சுமந்து வரும், அதைப் படித்துத்தான் செல் புரதம் செய்யும். சுமார் 22 எழுத்தே நீளமுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. அந்தத் தூதின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். முழுக்கப் பொருந்த வேண்டியதில்லை. ஏழெட்டு எழுத்து பொருந்தினாலே புரத உற்பத்தி குறைந்துவிடும். 1993-ல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்குனுக்கும் 2024-ல்தான் நோபல் கிடைத்தது. அவ்வளவு காலம் பிடித்திருக்க வேண்டாம்!

மார்பகக் கட்டிகள் பலவற்றில் மிர்-21 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. துணுக்கு அளவுக்கு மீறி இருக்கிறது. கட்டி வளராமல் கடிவாளம் போடும் பி.டி.சி.டி.4 என்ற புரதத்தின் தூதை அது அமுக்கிவிடும். மரபணு நல்லபடியாகத்தான் இருக்கும். கடிவாளம் மட்டும் வந்து சேராது. மிர்-200 குடும்பம் வேறு ரகம். அது குறைந்தால் செல்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கும் இ-கேடெரின் குறைந்து, செல் நகரத் தொடங்கும்.

மார்பகப் புற்றுநோய்க்கு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை வைத்து மருந்து செய்வது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது, அம்மா. அதற்காகக் காத்திருந்து, இப்போதைய சிகிச்சையை ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.